ஜன்னல் பக்கத்துப் பாதி

அளவு டேப்பின் முனையை ஆர்டித் கதவு நிலையோடு ஒட்டிப் பிடித்திருந்தாள். மறுமுனையில், ஜன்னல் மூலையில், அவள் கணவன் வெர்லின் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எண்ணைப் படித்தான்.

“இருபத்துமூணு அடி நாலு அங்குலம்.”

“இருபத்துநாலு,” என்றாள் ஆர்டித்.

“பத்தொம்பது வருஷமா இதே அறையில வரலாறு நடத்துற. சுவரு எவ்வளவு நீளம்னு தெரியலையே, ஆர்டி.”

“வரலாத்துல யாரும் டேப் வெச்சு அளக்கறதில்ல.”

“அதான் எல்லாம் கோணலா கெடக்கு.”

அவள் இன்னொரு தரம் அளக்கச் சொன்னாள். அளந்தார்கள். அதே இருபத்துமூன்றடி நாலங்குலம். “விடுறேன், விரல் பத்திரம்” என்றான் வெர்லின். டேப் சீறிக்கொண்டு அவன் கையிலிருந்த டேப் பெட்டிக்குள் ஓடிப் போனது.

ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை. பள்ளி திறக்கப் பதினோரு நாள் இருந்தது. கோடையில் மெழுகு போட்ட தரை இன்னும் வழுக்கியது. போன வருடத்துப் பிள்ளைகள் போகும்போது கேட்டிருந்தார்கள், ‘அடுத்த வருஷம் அறையை அந்தக் காலத்து உணவகம் மாதிரி மாத்துங்க, மிஸஸ் போல்மன்’ என்று. ஆர்டித்துக்கும் அது சரியென்று பட்டது. ஒஹையோவில் பழசைப் போல மலிவானது வேறொன்றுமில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்கு வீடு வாசலில் மேசை போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்கள். இசைத்தட்டு ஒன்று இருபத்தைந்து சென்ட். சிவப்பு ரெக்சின் முக்காலி இரண்டு, தையல் விட்டுப்போனது, சும்மாவே கொடுத்தார்கள். குளிர்பதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டியை வளைத்து, அந்த உணவகங்களில் காசு போட்டால் பாடும் பாட்டுப் பெட்டி மாதிரி ஒன்று செய்தாயிற்று. மொத்தம் அறுபது டாலருக்கு மேல் போகக்கூடாது என்று அவள் வைத்திருந்த கணக்கில் இன்னும் பதினேழு மிச்சம்.

அந்த உணவகங்களின் அடையாளமே சதுரங்கக் கட்டம்தான். சுவரின் கீழ்ப்பாதியில் இரண்டு வரிசை, கறுப்பும் வெள்ளையுமாக, ஓரடிச் சதுரங்கள். வெள்ளைத் தாள் சுருள் பள்ளி அலுவலகத்தில் இலவசம். அதைச் சுவர் நெடுக ஒட்டி, மேலே கறுப்பு அட்டைச் சதுரங்களை மட்டும் ஒட்டினால் போதும், பாதிச் செலவு மிச்சம் என்பது அவள் யோசனை. சுவர் இருபத்துநாலடி இருந்தால் ஒன்றைக்கூட வெட்ட வேண்டாம், கதவிலிருந்து ஆரம்பித்து ஜன்னலில் முடித்துவிடலாம் என்பதும் அவள் யோசனைதான்.

வெர்லின் முப்பத்தெட்டு வருடம் வீடு வீடாகச் சதுர ஓடு ஒட்டித் தரை விரித்தவன். கதவிலிருந்து ஆரம்பிப்பது என்ற பேச்சையே அவனால் தாங்க முடியவில்லை.

“மூலையில ஆரம்பிச்சா, கடைசி மூலையில நாலு அங்குலத்துக்கு ஒரு கீத்து வந்து நிக்கும். பாக்குறவன் கண்ணு நேரா அங்கதான் போகும். நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் போனா, இந்த மூலைலயும் எட்டு அங்குலம், அந்த மூலைலயும் எட்டு அங்குலம். எவனும் கவனிக்க மாட்டான்.”

“பதினாறு வயசுப் பசங்க, வெர்லின். சுவர்ல தீ வெச்சாலும் கவனிக்க மாட்டாங்க.”

“நான் கவனிப்பேனே.”

நடுவைக் கண்டுபிடித்துச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு கிழித்தான். எல்லாச் சதுரங்களையும் முதலில் வெட்டி அடுக்கிக்கொண்டான். நடுக்கோட்டிலிருந்து கதவு வரை ஒட்டி முடிக்க மணி ஐந்தாகிவிட்டது. முட்டி வலிக்கிறது என்றான். ஜன்னல் பக்கத்துப் பாதிக்கு வேண்டியவற்றை, பதினோரு முழுச் சதுரமும் எட்டங்குலத் துண்டு ஒன்றும், பழைய தலையணை உறையில் போட்டுக் காரின் பின்சீட்டில் வைத்தான்.

“மிச்சம் திங்கக்கெழம,” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயத்துக்குப் புறப்படும்போது, கட்டிலில் உட்கார்ந்து காலுறை போட்டுக்கொண்டிருந்தவன், ஒரு காலுக்குப் போட்டான், இன்னொரு காலுக்குப் போடவில்லை. ஆர்டித் சமையலறையிலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டாள். இரண்டாவது தரம் கொஞ்சம் எரிச்சலாகவே கூப்பிட்டாள்.

வியாழக்கிழமை அடக்கம். ஊர் ஜனம் ஆளுக்கொரு தட்டில் நூடுல்ஸும் கோழியும் சீஸும் போட்டு வேகவைத்துக் கொண்டுவந்தது. தட்டைத் திருப்பித் தரவேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுத்தாள் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. ஆர்டித் பதினான்கு தட்டுகளையும் கழுவித் துடைத்து, பெயர் தெரியும்படிக் கவிழ்த்து அடுக்கினாள். அழுகை வரவில்லை. வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். பசி வருவதைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்கள்.

தட்டுகளைக் கழுவும்போது காலடியில் தரை ஓடு ஒன்றின் மூலை லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. ஊரில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் வெர்லின் விரித்த தரை இருக்கிறது. சொந்த வீட்டுச் சமையலறையில் மட்டும், அவர்கள் வாங்கியபோது இருந்த அதே பழைய தரை. “அடுத்த கோடையில” என்பான். இருபத்தாறு கோடை போயிற்று. அவனுடைய லாரி அவன் தம்பி மகனுக்குப் போயிற்று. குளிர்கால மேலங்கியை அவன் அக்கா கேட்டாள், ஆர்டித் கொடுத்தாள். இப்படி ஒவ்வொன்றாகப் போனபோதுதான் ஆர்டித்துக்கு ஒன்று உறைத்தது. அவள் புழங்கும் இடத்தில் அவன் கையால் அளந்து ஒட்டியது என்று உலகத்தில் இருப்பது பள்ளிக்கூடத்துச் சுவரின் பாதிதான்.

தலைமையாசிரியர் போன் செய்தார். மாற்று ஆசிரியரைப் போட்டாயிற்று, கிறிஸ்துமஸ் வரைக்கும் வேண்டுமானாலும் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

“திங்கக்கெழம வர்றேன்,” என்றாள் ஆர்டித்.

“அவசரமே இல்லையே, ஆர்டித்.”

“சுவர் பாதில நிக்குது.”

அவர் சரி என்றார்.

சனிக்கிழமை கெல்சி கூப்பிட்டாள். எதிர் அறையில் கணக்கு நடத்துபவள், வயது இருபத்தேழு, எதைச் சொன்னாலும் கடைசியில் சிரிப்பாள். “நீங்க திங்கக்கெழம வரும்போது ஒண்ணும் கொண்டு வராதீங்க. ஒரு வேலையும் செய்யக்கூடாது. சொல்லிட்டேன்,” என்றாள். இந்தத் தரம் சிரிக்கவில்லை.

சுவரைத் தொட்டீர்களா என்று ஆர்டித் கேட்டிருக்கலாம். வாய் வரை வந்தது. “நன்றி, கெல்சி,” என்று சொல்லிப் போனை வைத்தாள்.

திங்கட்கிழமை அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே ஐந்து ஆசிரியர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். இசைத்தட்டுகள் எல்லாம் மேலேயிருந்து தொங்கின. முக்காலிகளுக்குப் புது ரெக்சின் போட்டிருந்தது. அட்டைப் பாட்டுப் பெட்டிக்குள் யாரோ வண்ண விளக்குச் சரம் வைத்திருந்தார்கள். நல்ல காசு செலவழித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஆளாளுக்குப் போட்டிருக்கிறார்கள்.

சுவரைப் பார்த்தாள். கதவிலிருந்து ஜன்னல் வரை, பளபளவென்று, கடையில் வாங்கிய அச்சுச் சுருள். கறுப்பு வெள்ளைக் கட்டம். பிசிறில்லை, சுருக்கமில்லை. அவள் கண் நேராக ஜன்னல் மூலைக்குப் போனது. அங்கே நாலு அங்குலத்துக்கு ஒரு கீற்று.

“எப்படி இருக்கு?” என்றாள் கெல்சி.

“ரொம்ப நல்லாயிருக்கு,” என்றாள் ஆர்டித். “ரொம்ப நன்றி. எல்லாருக்கும்.”

அவர்கள் அழுதார்கள். ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டார்கள். ஆர்டித் ஒவ்வொருவர் முதுகிலும் இரண்டு தட்டு தட்டினாள். அவர்களைத் தேற்றுவதற்கு வந்தவள் மாதிரி இருந்தது.

மற்றவர்கள் போன பிறகு கேட்டாள், “முன்னாடி ஒட்டியிருந்ததை என்ன பண்ணீங்க?”

“அதுவா? பாதிதான் இருந்துச்சு. கதவுகிட்ட வேற ஒரு வெட்டுத் துண்டு. யாரோ பசங்க தப்பா ஆரம்பிச்சிருக்காங்கன்னு நெனச்சோம். உரிச்சு ஓட்டிஸ்கிட்ட குடுத்தாச்சு. ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

துப்புரவுப் பணியாளர் ஓட்டிஸ் பின்வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தார். சுவரிலிருந்து உரித்தது எங்கே என்று அவள் கேட்டாள்.

“நூத்திப் பதினாலாம் ரூம்ல இருந்து வந்த அட்டையா? குப்பை லாரி வெள்ளிக்கெழமயே வந்துட்டுப் போயிருச்சே, மிஸஸ் போல்மன். என்ன, முக்கியமானதா?”

“வெர்லின் ஒட்டினது.”

ஓட்டிஸ் தண்ணீரை நிறுத்தினார். “அடக் கடவுளே. எனக்குத் தெரியாதும்மா. நாந்தான் சுவரைக்கூட சோப்புப் போட்டுத் தேச்சேன். பென்சில் கிறுக்கலெல்லாம் இருந்துச்சுன்னு.”

“பரவாயில்ல, ஓட்டிஸ்.”

“எங்க வீட்டுச் சமையக்கட்டு அவர் போட்டதுதான். பதினஞ்சு வருஷமாச்சு, ஒரு மூல தூக்கல. என் பொண்டாட்டி மேல சத்தியமா சொல்றேன், ஒரு மூல தூக்கல. நீங்க எப்ப வேணாலும் வந்து பாருங்க.”

“வர்றேன்,” என்றாள் ஆர்டித். போக மாட்டாள் என்று இருவருக்கும் தெரியும்.

கார் நிறுத்துமிடத்துக்குப் போய், பின்கதவைத் திறந்து பார்த்தாள். தலையணை உறை வைத்த இடத்தில் இருந்தது. அடக்கத்துக்கும் கடைக்கும் போய்வந்ததில் சீட்டின் ஒரு ஓரத்துக்குச் சரிந்திருந்தது, அவ்வளவுதான். உறைக்குள் கைவிட்டு எண்ணினாள். பதினொன்று. எட்டங்குலத் துண்டு அடியில் கிடந்தது. அதன் பின்பக்கம் பென்சிலில் ‘ஜன்னல்’ என்று எழுதியிருந்தது. அவனுக்கு எல்லாவற்றின் பின்னாலும் அது எங்கே போகவேண்டும் என்று எழுதிவைக்கும் பழக்கம். காரின் முன்சீட்டுக்கு எதிரே இருந்த சின்ன அறையைத் திறந்து அவனுடைய அளவு டேப்பை எடுத்துக்கொண்டாள்.

அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். நாளை மறுநாள் மாலை பெற்றோர்கள் வருவார்கள். கெல்சி வாசலில் நின்று அதைக் காட்டுவாள். அதை விட்டுவிடலாம். நல்ல மனதோடு செய்தது. வருடம் முடிந்ததும் எப்படியும் எல்லாம் குப்பைக்குப் போகிறது. ஒரு மணி நேரம் இப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளுக்குள் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எதுவும் அசையவில்லை. பிறகு எழுந்து எதிர் அறைக்குப் போனாள்.

“கெல்சி, ஒரு நிமிஷம் வந்து டேப்போட முனையப் பிடிக்கிறியா?”

கெல்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மேசைமேல் இருந்த கறுப்புச் சதுரங்களைப் பார்த்தாள். தலையணை உறையைப் பார்த்தாள். அவள் முகம் மெதுவாக மாறியது.

“அது பசங்க ஒட்டினது இல்ல,” என்றாள்.

“இல்ல.”

“ஐயோ, ஆர்டித். நீங்க ஏன் சொல்லல? போன்லயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா…”

“நானும் கேக்கல. நீ தெரிஞ்சு செய்யல.”

“எல்லாத்தையும் உரிச்சிரலாம். இப்பவே. நான் மத்தவங்ககிட்ட சொல்லிக்கிறேன்.”

“வேண்டாம். கதவுப் பக்கம் உங்களோடது, அப்படியே இருக்கட்டும். அங்க வைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ஜன்னல் பக்கத்துப் பாதி மட்டும் எனக்கு வேணும்.”

“பாதி பளபளன்னு, பாதி மங்கலா. பாக்குறவங்க என்னன்னு கேப்பாங்களே?”

“பதினாறு வயசுப் பசங்க. கவனிக்க மாட்டாங்க.”

கெல்சி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “சரி. எங்க ஆரம்பிக்கணும்?”

“நடுவுல. மூலையில ஆரம்பிக்கக் கூடாது. அவன் நடுவுக்கு ஒரு கோடு போட்டிருந்தான், அது போயிருச்சு. திரும்பவும் அளக்கணும்.”

“நீளம் எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கா?”

ஆர்டித் டேப்பின் முனையை கெல்சியிடம் கொடுத்தாள். கெல்சி கதவு நிலையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள், கொஞ்சம் தாழ்வாகப் பிடித்தாள், ஆர்டித் மேலே தூக்கச் சொன்னாள். பிறகு டேப் பெட்டியை இழுத்துக்கொண்டே மெழுகுத் தரையில் நடந்தாள். பாட்டுப் பெட்டியைத் தாண்டி, முக்காலிகளைத் தாண்டி, ஜன்னல் மூலைக்கு வந்து முழங்கால் போட்டாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

“எவ்வளவு?” என்று கதவிலிருந்து கேட்டாள் கெல்சி.

டேப் கொஞ்சம் தொய்ந்திருந்தது. ஆர்டித் அதை இழுத்துப் பிடித்து இன்னொரு தரம் பார்த்தாள்.

இருபத்துமூன்றடி நாலங்குலம்.