கோட்டின் மேல் ஒரு கையெழுத்து

என் புருஷனுக்குக் கல்யாணம் என்ற செய்தியை எனக்குச் சொன்னவள் சுஜி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாமியாருக்கு இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சுஜி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். மார்த்தாண்டம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

"ஏட்டி அஜிஷா, ஒண்ணு கேக்கட்டா, கோவப்படாதே. ஒனக்க மாப்பிளை பேரு சிஜின்தானே? அவரு அப்பா பேரு யேசுரத்தினமா?"

"ஆமா. அதுக்கு இப்ப என்ன?"

"எங்க கோயில்ல இன்னைக்கு அவருக்கு ரெண்டாவது ஓலை வாசிச்சாவ பிள்ளே. போன வாரம் நான் போகல்ல."

எங்கள் கிறிஸ்தவக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் சபை நடுவில் வாசித்து, தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார்கள். அதற்குத்தான் ஓலை என்று பேர். இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே வாய்த்த பொண்டாட்டி இங்கே அவன் அம்மாவுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். சிஜின் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டபின் ஒரு செய்தி வந்தது: 'பைய பேசலாம்.' மூன்று மாசம் முன்பு லீவில் வந்து இதே வீட்டில் இதே கட்டிலில் படுத்துவிட்டுப் போனவன். இனி எதைப் பையப் பேசுவது?

சுஜியிடம் நம்பர் வாங்கி அந்தச் சபைப் போதகரை, நாங்கள் ஐயர் என்று அழைப்பவரை, கூப்பிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். "கோர்ட்டு விவாகரத்துத் தீர்ப்பு நகல் தந்திருக்காவம்மா. ரெண்டு வருசத்துக்கு முந்தின தீர்ப்பு. ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். தடை இருந்தால் மூன்றாவது ஓலைக்கு நேரில் வந்து சொல்லச் சொன்னார். கையில் ஏதாவது ஆதாரமும் வேண்டுமாம்.

மாமியிடம் மறைக்கவில்லை. எனக்கு அந்த வீட்டில் பேச இருந்த ஒரே ஆள் அவர்தான். தங்கபாய் என்று பேர். சின்ன வயசிலேயே அண்டி ஆபீஸுக்குப் போய் முந்திரி உடைத்துச் சிஜினைப் படிக்கவைத்தவர். மூன்று வருஷம் முன்பு குளிமுறியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்தது. எனக்கு விசா எடுக்கிற பேச்சு அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்தது. "அம்மைய ஆரு பாப்பா? நீ நில்லு, விசா பொறவு எடுக்கலாம்" என்றான் சிஜின். நின்றேன். அந்தத் தைலக் கையோடுதான் இப்போதும் நின்றுகொண்டிருந்தேன்.

மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஆரோ கண்ணு கடிச்சுப் பறையுதாவ மக்கா. எனக்க மவன் அப்பிடிச் செய்யமாட்டான். நீ கோர்ட்டு கீர்ட்டுன்னு போவாதே கேட்டியா, நாலுபேரு சிரிப்பாவ."

என் மானத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார் என்று நினைத்து நானும் சேர்ந்து அழுதேன். இப்போது நினைத்தால் அந்தக் கண்ணீரின்மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம்.

கோர்ட் வழக்குகளைப் போனிலேயே தேடலாம் என்றார்கள். தேடினேன். மாவட்டம், கோர்ட், வருஷம், பேர் எல்லாம் போட்டும் ஒன்றும் வரவில்லை. அப்பாடா, பொய்யாகத்தான் இருக்கும் என்று ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியும் விட்டேன். மறுநாள் நாகர்கோவிலில் நந்தனா என்ற வக்கீலைப் போய்ப் பார்த்தேன். சின்னப் பெண். என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க நடக்கிற கேஸுல தேடியிருக்கீங்க. முடிஞ்ச கேஸுல தேடணும்" என்று ஓர் இடத்தைத் தொட்டாள். என் பேர் வந்தது. மனுதாரர் சிஜின், எதிர்மனுதாரர் அஜிஷா. முடிவு: ஒருதலைப்பட்சம்.

நடந்துகொண்டிருக்கும்போது தெரியவில்லை, முடிந்தபின்தான் தெரிகிறது. என் கல்யாணத்தின் கதையே அதுதான்.

வழக்குக் கட்டிலிருந்து நகல் எடுக்க மனுப் போட வேண்டும். கோர்ட் வராந்தாவின் கோடியில் நகல் பிரிவு. மனுவை வாங்கியவர் தலையைத் தூக்காமல், "கட்சிக்காரரா, மூணாம் ஆளா?" என்று கேட்டார். மூன்றாம் ஆள் என்றால் எதற்கு என்று காரணம் எழுத வேண்டுமாம். கட்சிக்காரர் என்றால் கேட்டாலே போதும்.

"கட்சிக்காரிதான் சார். எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது" என்றேன். அப்போதுதான் தலையைத் தூக்கினார். அவசர நகல் என்று எழுதச் சொல்லி, ஸ்டாம்பு எங்கே ஒட்டவேண்டும் என்று விரலால் காட்டினார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

வெள்ளிக்கிழமை நகல் கிடைத்தது. வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்து வாசித்தேன். நந்தனா பக்கத்தில் இருந்தாள். மனுவில் என்னைப் பற்றி எழுதியிருந்தது: மனுதாரர் பலமுறை அழைத்தும் எதிர்மனுதாரர் வெளிநாடு வந்து சேர்ந்து வாழ மறுத்துவிட்டார், மனுதாரரைக் கைவிட்டுவிட்டார். என்னை நில் என்று சொன்ன வாய்தான் நான் வர மறுத்தேன் என்று சத்தியம் செய்திருக்கிறது. அடுத்த பக்கத்தில் உத்தரவு. எதிர்மனுதாரர் மூன்று முறை அழைக்கப்பட்டும் ஆஜராகவில்லை. தேதியைப் பார்த்தேன். அது அவன் லீவில் வந்திருந்த சமயம். பேங்கில் ஒரு வேலை என்று நாகர்கோவிலுக்குக் கிளம்பினான், நான்தான் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். சாயந்திரம் வந்து, நெத்திலி அவியல் வை என்றான். வைத்தேன். இன்னும் கொஞ்சம் போடு என்று வாங்கிச் சாப்பிட்டான்.

"சம்மன் ஒங்களுக்கு வரலைங்கிறீங்க. ஆனா சார்வு ஆயிருக்குக்கா, அதாவது வீட்டுல குடுத்ததா பதிவாயிருக்கு" என்று நந்தனா கடைசித் தாளைத் திருப்பினாள். "வீட்டுல இருக்கிற பெரிய ஆளு வாங்கினாலும் செல்லும். இது யாரு கையெழுத்து?"

நான் பார்த்தேன். பேரை வாசிக்கத் தேவையே இருக்கவில்லை. அடியில் அந்தக் கோடு இருந்தது.

அந்தக் கையெழுத்தை, எங்கள் ஊர்ப் பேச்சில் ஒப்பை, நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பேங்கில் விரல் வைக்கச் சொன்னால் மாமிக்கு வெட்கம். அண்டிப் பால் பட்டுப் பட்டு ரேகை எல்லாம் அழிந்துபோய், மிஷினும் அந்த விரலை ஏற்காது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுதவைத்தேன். எழுத்துகள் ஏறியும் இறங்கியும் போயின. அதனால், "முதல்ல ஒரு கோடு போடுங்க மாமி, பொறவு எழுத்த அதுக்க மேல இருத்துங்க" என்று சொன்னேன். அன்றிலிருந்து எங்கே கையெழுத்துப் போட்டாலும் முதலில் கோடு. கடைசியில் அந்தக் கோடு கொஞ்சம் கீழே சரியும். இதிலும் சரிந்திருந்தது.

சிஜின் செய்ததற்கு எனக்குக் கோபம் வந்தது. இதற்குக் கோபம்கூட வரவில்லை.

மாமியுடையது என்றதும் நந்தனா சொன்னாள்: "சம்மன அஜிஷா கையில குடுக்கலன்னு ஒங்க மாமியார் எழுதிக் குடுத்தா, தீர்ப்ப ரத்து செய்யக் கேக்கலாம். ஆனா அவரு வேற கல்யாணம் கட்டிட்டா பின்ன கஷ்டம்."

சிஜின் எனக்கு வேண்டாம். அதை அந்த பெஞ்சிலேயே முடிவு செய்துவிட்டேன். ஆனால் அவனைக் கைவிட்டவள் என்று கோர்ட்டுக் கட்டில் என் பேர் கிடக்கக் கூடாது. நாளைக்கு யார் வேண்டுமானாலும் மனுப் போட்டு எடுத்து வாசிக்கலாம். அது பொய் என்று உலகத்தில் என்னைத் தவிர அறிந்த ஒரே மனுஷி மாமி.

வீட்டுக்கு வந்ததும் தாளை மாமியின் மடியில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு முன்னயே தெரியுமா மாமி?"

"அவன்தான் போன்ல பறஞ்சான். ஒரு காயிதம் வரும், ஒப்பிட்டு வாங்கி வை, அவளுக்குக் காட்டாதேன்னு."

"என்ன காயிதம்னு பறஞ்சானா?"

"பறஞ்சான்."

"ரெண்டு வருசமா நான் இங்க ஆரு மாமி? ஒங்கள எடுத்து, குளிப்பிச்சு, கஞ்சி வச்சுத் தந்தது ஆரு?"

"தெரிஞ்சா நீ போயிருவ மக்கா. பொறவு என்னைய ஆரு பாப்பா?"

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒளிவுமறைவே இல்லை. சம்பளமில்லாத வேலைக்காரியை யாராவது விடுவார்களா? நியாயமான கேள்வியைக் கேட்டுவிட்டவரைப் போல என்னைப் பார்த்தார்.

வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்து வைத்தேன். "எனக்குத் தரல்லன்னு மட்டும் எழுதுதேன். ஒப்பிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

மாமி பேனாவை எடுத்தார், கீழே வைத்தார். "கை வெறைக்குது மக்கா. பாரு." நீட்டிய கை நடுங்கத்தான் செய்தது. "அவன் எனக்க மவனாக்கும். நான் எப்பிடி எழுதித் தருவேன்?"

இரண்டு சேலையை எடுத்துப் பையில் வைக்கும்போது அலமாரியில் மாமியின் மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையைப் பார்த்தேன். சிஜின் அனுப்பியது. கிறிஸ்துமஸுக்கு என்று சொல்லி மாமி என்னிடம் ஜாக்கெட் தைக்கத் தந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு நாலு மாசம் இருக்கும்போதே இவ்வளவு ஆசையா என்று கேலி செய்துகொண்டே தைத்தேன். கை வலிக்குமே என்று கொக்கியை முன்பக்கம் வைத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் கஞ்சிக்குச் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கஞ்சிக்குச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை, சவம், அதுதான் என் புத்தி.

ஞாயிற்றுக்கிழமை சுஜியோடு அந்தக் கோயிலில் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். போதகர் மூன்றாவது ஓலையை வாசித்தார். தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார். எழுந்தேன். "எனக்க பேரு அஜிஷா. எனக்கு சம்மன் தரல்ல. நான் அறியாத தீர்ப்பாக்கும் அது."

சபை முழுக்கத் திரும்பியது. முன்பெஞ்சில் மயில்கழுத்துப் பட்டு கட்டியிருந்த ஒருவரின் தலை மட்டும் திரும்பவில்லை. என் தோளைப் பிடிக்காமல் குளிமுறிக்குப் போக முடியாதவர், கார் ஏறி மார்த்தாண்டம் வரை வந்திருந்தார்.

ஆராதனை முடிந்து போதகர் என்னையும் மாமியையும் பக்கத்து அறைக்கு அழைத்தார். நகலின் கடைசித் தாளை மேஜையில் வைத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு மாமியிடம் கேட்டார்.

"இது ஒங்க ஒப்புதானா அம்மா?"

"ஆமா ஐயரே."

"இந்த சம்மன இவுங்க கையில குடுத்தியளா?"

மாமி என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில்கூட நான் அவரை நம்பினேன்.

"குடுத்தேன் ஐயரே. வாங்கி வாசிச்சிட்டு, எனக்கு அவன் வேண்டாம்னு பறஞ்சா."

போதகர் பெருமூச்சு விட்டார். "அப்போ அத எழுத்துல வேணும். நான் எழுதுதேன், நீங்க ஒப்பிட்டுத் தாருங்க" என்றார். எழுதி முடித்துத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினார்.

மாமி பேனாவை வாங்கினார். கை நடுங்கவில்லை. முதலில் ஒரு கோடு போட்டார்.