தடித்த ஒயில்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் வள்ளக்காரர்களின் பெண்சாதிமார் விடியக் கரைக்கு வந்தால் என்ன மீன், எவ்வளவு மீன் என்றுதான் எட்டிப் பார்ப்பார்கள். யசிந்தா மீனைப் பார்க்கவே மாட்டாள். வள்ளம் தூரத்தில் வரும்போதே தலையைச் சரித்துக்கொண்டு எஞ்சினைக் கேட்பாள். தட்டல் நேற்றையைவிடக் கூடவா, குறைவா? புகை கறுப்பா, நீலமா? அதை அறியுமட்டும் அவளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது.

விசர் பிடித்துப்போய் அப்படி நிற்கவில்லை. போன வருசம் பெரிய வியாழனுக்கு முதல் கிழமை, அவளுடைய புருசன் ஜெரிசன் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னான்.

"உந்த எஞ்சின் இருக்கும் மட்டும் தொழில் செய்வன். அது போச்சுதெண்டால் இன்னொண்டு போட என்னாலை ஏலாது. பிரான்சுக்குப் போறன். ஜெனிஸும் கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறான்."

ஜெனிஸ் யசிந்தாவின் கூடப்பிறந்த தம்பி. பிரான்சுக்குப் போனவன் போனவன்தான். தாயின் செத்தவீட்டையும் போனில்தான் பார்த்து அழுதான். பெட்டிக்குப் பக்கத்தில் அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு கை உளைய நின்றவள் யசிந்தா. புருசனையும் அப்படிப் போனுக்குள் பார்த்துக் காலம் கழிக்க அவளால் முடியாது. வேறு ஆருக்கும் முடியலாம், அவளுக்கு முடியாது.

ஆகவே எஞ்சின் சாகக்கூடாது. அவ்வளவுதான் கதை.

எந்த ஒயில் விட்டால் எஞ்சின் நெடுநாள் நிற்கும் என்று அவள் கரையில் விசாரித்தாள். கேட்டிருக்கவே கூடாது. சாதா ஒயில்தான் திறம் என்றான் ஒருவன். விலை கூடின சிந்தெற்றிக் ஒயில் வெறும் தண்ணி, பேருக்குத்தான் விலை என்றான் இன்னொருவன். வெளிநாட்டில் எல்லாரும் அதைத்தான் விடுகிறார்கள் என்றான் வெளிநாட்டுப் பக்கமே போகாத ஒருவன். கடைசியில் எஞ்சின் திருத்துகிற கனிசியஸின் பட்டறைக்கே போய் நின்றாள்.

"தங்கச்சி, சாதா ஒயிலிலை ஒரு குற்றமும் இல்லை," என்றார் அவர். "நேரத்துக்கு மாத்தினால் அதுவும் எஞ்சினைக் காக்கும். சூட்டிலை கெதியாய்ப் பழுதாகும், அதுதான் பிரச்சினை. சிந்தெற்றிக் சூடு தாங்கும், விடியக் குளிரிலை ஸ்ராட் பண்ணேக்கையும் கெதியாய் மேலை ஏறும். நெடுகப் பாத்தால் தேய்மானம் குறைவு. ஆனால் உன்ரை மனுசன் ஒயில் மாத்திறேல்லையே. குறையக் குறைய விடுறான். தேப்பனிட்டைப் பழகினது."

அது உண்மைதான். சண்டை நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு போத்தல் ஒயில் கண்ணில் படுவதே பெரும்பாடு. ஜெரிசனின் தகப்பன் பழைய ஒயிலைச் சாரத் துணியில் வடித்துத் திரும்ப ஊற்றித்தான் தொழில் செய்தவர். தடை போய் எத்தனையோ வருசமாகிவிட்டது, கடை முழுக்க ஒயில் அடுக்கிக் கிடக்கிறது. ஜெரிசனின் கைக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

"அப்ப நான் இண்டைக்கே சிந்தெற்றிக் வாங்கி விடுறன் அண்ணை."

"பொறு. உள்ளுக்கை வருசக்கணக்காய்க் கிடக்கிற ஊத்தையை அது கழுவும். கழுவின ஊத்தை ஒயில் போற வழியை அடைச்சால் எஞ்சின் இறுகி நிக்கும். பழைய சீல் எல்லாம் ஒழுகும். முதல் கழட்டித் துப்புரவாக்கி, சீல் மாத்துவம். முதல்தரம் விடுறதைக் கெதியாய் வடிச்சுப்போடு. பேந்து ஒழுங்காய் மாத்திக்கொண்டு வா."

ஞாயிற்றுக்கிழமைகளில் குருநகரார் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிய ஜெரிசன் காட்ஸ் விளையாடப் போவான். யசிந்தா கோயில் சீலையை மாற்றிவிட்டு வள்ளத்துக்கு இறங்குவாள். முதல் சில ஞாயிறு கனிசியஸ் கூட வந்தார். பிறகு அவளே நட்டைக் கழற்றவும், பில்டரை மாற்றவும் பழகிவிட்டாள். முதலில் வடிந்தது தார் மாதிரி வந்தது. "பொம்பிளையள் வள்ளத்திலை ஏறுறதோ," என்று கரையில் ஒருவர் முணுமுணுத்தார். "அப்ப நீங்கள் ஏறி மாத்தி விடுங்கோவன்," என்றாள். ஜெரிசனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அவளுடைய நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அவன் பார்ப்பான், ஒன்றும் கேட்கமாட்டான்.

மாரி முடிவதற்குள் எஞ்சின் ஆளே மாறிவிட்டது. தொட்டவுடன் பிடித்தது, புகை போன இடம் தெரியவில்லை, தட்டல் அடங்கிவிட்டது. யசிந்தா அந்தக் கொஞ்ச நாள்தான் நிம்மதியாய் நித்திரை கொண்டாள்.

பிறகு ஒரு ஞாயிறு காலை, பாணைத் தேத்தண்ணியில் தோய்த்தபடி ஜெரிசன் சொன்னான்.

"இண்டைக்கு ஒராள் வருது. வல்வெட்டித்துறை முத்துக்குமாரு ஐயா. எஞ்சினைப் பாக்க."

"எஞ்சினை ஏன் பாக்க?"

"வாங்கத்தான். போன வருசம் எத்தினை பேரைக் கேட்டன், புகையைப் பாத்திட்டு ஒருத்தனும் கிட்ட வரேல்லை. இப்ப சத்தத்தைக் கேட்டுத் தேடி வருகினம்."

"எஞ்சின் இருக்கும் மட்டும் இருப்பன் எண்டு சொன்னியள்."

"வித்தால் எஞ்சின் எங்கை இருக்கு?" என்றான் அவன். அவளைப் பார்க்கவில்லை, பாணைத்தான் பார்த்தான்.

யசிந்தா பூசைக்குப் போனாள். பூசையில் எழும்ப வேண்டிய இடத்தில் இருந்தாள், இருக்க வேண்டிய இடத்தில் எழும்பினாள். தன் கையாலேயே அவனுக்குப் பயணத்தைக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். நட்டு நட்டாய்க் கழற்றி, துணியால் துடைத்து, பெரிய கெட்டித்தனமாய். தன்மேல் வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் இருக்க முடியாமல் அவர்களுக்கு முன்னமே கரைக்குப் போய் நின்றாள்.

முத்துக்குமாரு நரைத்த மனிதர், அவசரமில்லாதவர். எஞ்சினை ஓடவிட்டுப் புகைக்குழாய்க்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்தார், கரி ஒட்டவில்லை. நீட்டுத் திருப்புளியின் ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

"தம்பி, குறை நினையாதையும். இந்த வயசு எஞ்சின் இப்பிடி அமைதியாய் ஓடாது. விக்கிறதுக்கெண்டு தடிச்ச ஒயிலை விட்டுத் தட்டலை அமத்துறவையளை நான் கண்டிருக்கிறன். ஒரு மாதத்திலை பழைய குணம் வந்திடும்."

"என்ரை மனுசிதான் ஒயில் பாக்கிறவ," என்றான் ஜெரிசன். அவன் குரலில் பெருமை இருந்தது. இந்த ஒரு வருசத்தில் அதை அவன் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தரம். "நீங்கள் அவவையே கேளுங்கோ."

கிழவர் ஒயில் பார்க்கிற கம்பியை இழுக்கக் கையை நீட்டியபடி அவள் பக்கம் திரும்பினார். "என்ன ஒயில் பிள்ளை விட்டனீங்கள்?"

உண்மையைச் சொன்னால் எஞ்சின் விலைப்படும், அவன் போய்விடுவான். பொய் சொன்னால் புருசன் கள்ளனாவான், அவள் பாடுபட்டதெல்லாம் ஏமாற்று வேலையாகும். அது யசிந்தாவுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் வாயைத் திறந்தாள்.

"தடிச்ச ஒயில்தான் ஐயா. போன கிழமை விட்டது. நீங்கள் வாறியள் எண்டு சொன்னாப்பிறகு."

கிழவரின் கை கம்பியில் படாமல் நின்றது. அவர் ஜெரிசனைப் பார்த்தார். "உண்மையோ தம்பி?"

ஜெரிசன் யசிந்தாவைப் பார்த்தான். அந்தக் கம்பியை ஒருதரம் இழுத்து, ஒயில் தண்ணியாய் வடிவதைக் காட்டினால் போதும். கனிசியஸுக்கு ஒரு போன் எடுத்தால் போதும். அவள் சொன்னது பச்சைப்பொய் என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும். அவள் முகத்தில் அவன் என்னத்தைக் கண்டானோ, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் கண்ணீரைத் துடைக்கவில்லை.

"ஓம் ஐயா," என்றான். "விட்டனாங்கள்தான்."

முத்துக்குமாரு திருப்புளியைத் துணியால் துடைத்துப் பைக்குள் வைத்தார். "நல்ல குடும்பம் எண்டுதான் நம்பி வந்தனான்," என்றார். பக்கத்து வள்ளத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பொழுது படுவதற்குள் குருநகர் முழுக்க அறியும், நாளைக்கு வல்வெட்டித்துறையும் அறியும். இனி இந்தக் கரையோரத்தில் ஜெரிசனிடம் எஞ்சின் வாங்க ஒருவரும் வரமாட்டார்கள்.

கிழவர் போன பிறகும் அவன் வள்ளத்தின் முன்பக்க அணியத்தைப் பிடித்தபடி தண்ணீருக்குள் நின்றான். அவள் கிட்டப் போகப் பயந்து கரையிலேயே நின்றாள்.

"போகவேண்டாம் எண்டு நீ ஒருநாளும் சொல்லேல்லையே," என்றான்.

"சொன்னால் கேட்டிருப்பியளோ?"

அவன் யோசித்தான். "கேட்டிருக்கமாட்டன்," என்றான்.