இடுப்போடு போன சாவிக்கொத்து

நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்களுக்கென்று நடந்த கூட்டத்தில் மகளுடைய கைபேசி அதிர்ந்தது. மறதி நோய் வந்த அம்மாவை விட்டுவிட்டு, தெருமுனைக் கடையைத் தாண்டி அவள் வந்து மாமாங்கம் ஆகியிருந்தது. கூட்டத்தை நடத்திய மையமே வீட்டுக்கு ஒரு நர்ஸை அனுப்பி, "ஒரு மத்தியானம் மூச்சு விட்டுட்டு வாங்க" என்று அழைத்திருந்தது.

"அக்கா, அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது. கை நடுங்குது. சுகர் இறங்கிடுச்சு. சக்கரை டப்பா எங்க?" என்றாள் நர்ஸ்.

"அலமாரில..." அவள் கை இடுப்பைத் தடவியது. அம்மா திருட்டுத்தனமாக அள்ளித் தின்கிறாள் என்று அவள்தான் அதைப் பூட்டி வைத்திருந்தாள். சாவி இடுப்பில் தொங்கியது.

"பக்கத்துல வாங்கிக்கறேன்." கதவை இழுக்கும் சத்தம். "அக்கா! வாசக்கதவு வெளிய பூட்டியிருக்கு!"

அம்மா தெருவில் இறங்கிவிடுவாளே என்று தினமும் பூட்டிவிட்டுக் கடைக்கு ஓடும் கை, இன்று நர்ஸையும் உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது.

அவள் ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினாள். "சமையலறை ஜன்னல்! எதிர்ல தையல்காரர் இருப்பார், கத்துங்க!"

நர்ஸ் போட்ட கூச்சலில் ஆட்டோக்காரரே திரும்பிப் பார்த்தார். பிறகு தையல்காரரின் குரல்: "சக்கரை இந்தாம்மா. கம்பிவலை அடிச்சிருக்கே, எப்படிக் குடுக்கறது?"

அம்மா பாத்திரங்களை வெளியே வீசுகிறாள் என்று அந்த வலையை அடித்ததும் அவள்தான்.

"வெட்டுங்கண்ணே!" என்று கைபேசிக்குள் கத்தினாள்.

கறக் கறக்கென்று கத்தரி ஓடியது. "அம்மா, கண்ண மூடாதீங்க. வாயத் திறங்க..." அதோடு இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தாள், எடுப்பார் இல்லை.

வாசலில் சாவி துவாரத்துக்குள் போகவே மாட்டேன் என்றது. ஒருவழியாகத் திறந்தாள்.

அம்மா நர்ஸின் தோளில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடெல்லாம் சர்க்கரை.

"எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தே இத, சண்டாளி?"

மகள் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "இனிமே நான் எங்கயும் போகல."

"என் கத்தரியத் தீட்டவாவது போய்த்தானே ஆகணும்?" என்றார் ஜன்னலுக்கு வெளியே தையல்காரர்.

நர்ஸ் சிரிக்கவில்லை. உள்ளங்கையை நீட்டினாள். "அடுத்த வாரமும் நீங்க போறீங்க. சாவி மட்டும் இங்க இருக்கட்டும்."

மகள் கொத்தைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். தன் விரல்களை அதிலிருந்து பிரித்து எடுக்கத்தான் சற்று நேரமானது.