ரத்னபாய்க்கு ஒரு வண்டி

ஐப்பசியில் துலா மழை தொடங்கினதிலிருந்து நேசையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாறசாலை சந்திப்பிலிருந்து கொஞ்சம் வடக்கே தள்ளி அவனுடைய ஒர்க்‌ஷாப். ஜீப்போ பைக்கோ, எது வந்து நின்றாலும் கை தன்பாட்டுக்கு வேலை செய்யும். மனசு மட்டும் குன்னத்துகால் மலைப்பாதையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அவன் மனைவி ரத்னபாய்க்கு அங்கேதான் வேலை. அரசாங்கத்தின் சுகாதார நர்ஸ். செங்கல் என்ற ஊர்ப் பக்கம் சமநிலத்தில் வேலை பார்த்தவளை அந்த வருஷம், தொண்ணூற்றி ஒன்பதில், மலைப்பக்கம் மாற்றிவிட்டார்கள். பஸ் விட்டு இறங்கி, தடுப்பு மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வீடுவீடாக ஏற வேண்டும். பெட்டியில் வைத்த ஐஸ் உருகுவதற்குள் எல்லா வீட்டுக்கும் போயாக வேண்டும். ஒருநாள் பாறைமேல் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு வீங்கி வந்தாள்.

அன்றைக்குக் கஷாயத்தில் நனைத்த துணி கட்டிய கையோடு அவளே சொன்னாள்.

"நீங்க வண்டிக்கு வைத்தியம் பாக்கப்பட்ட ஆளாக்கும். எனக்கு ஏத்த ஒரு வண்டிய நீங்களே பாத்துத் தாங்க. மலையும் ஏறணும், கால்வாய்க் கரையிலயும் போகணும், தோட்டத்துச் சேத்துலயும் நிக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

நேசையனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கொல்லயில் என்கிற அந்தப் பஞ்சாயத்து முழுக்க வண்டி வாங்குகிறவர்கள் அவனைக் கேட்காமல் வாங்க மாட்டார்கள். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தான்.

ஆனால் அவனுக்கு வண்டிகளைத் தெரிந்த விதம் வேறு. மற்றவர்கள் வண்டியைக் கடையில் மினுமினுவென்று பார்க்கிறார்கள். அவனிடம் அவை முன்சக்கரம் கோணி, விளக்கு சிதறி, சில சமயம் சீட்டில் ரத்தக்கறையோடு வந்து சேரும். எந்த வண்டியை நினைத்தாலும் அது விழுந்துகிடந்த கோலம்தான் முதலில் கண்ணுக்குள் வரும். அந்தக் கோலத்தில் இப்போது ரத்னபாய் தெரிந்தாள்.

பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியின் கியர் இல்லாத ஸ்கூட்டரை வாங்கி, ரத்னபாய் போகிற வழியிலேயே ஓட்டிப் பார்த்தான். சின்னச் சக்கரம். முதல் கல்லிலேயே வண்டியின் அடிவயிறு தட்டியது. திருப்பிக் கொடுத்துவிட்டான். புல்லட் ஏறும், ஆனால் சாய்ந்தால் அவளால் நிமிர்த்த முடியாது. லூனாவை ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டின்போது ஒவ்வொன்றாக அவளிடம் சொல்வான். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"பஜாஜ் எம் எய்ட்டி எப்பிடி?" என்று ஒருநாள் கேட்டாள்.

நேசையன் சிரித்துவிட்டான். "அது மீன்காரனுக்க வண்டியில்லா? வெள்ளச் சேலையும் கெட்டிக்கிட்டு நீ அதுல போனா ஆளுவ சாள மீன் உண்டான்னு கேப்பாவ."

"கேட்டா இல்லைன்னு சொல்லுதேன்."

அவன் பேச்சை மாற்றினான். ரத்னபாய் தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுக்களை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வண்டி பாக்கியேளா, இல்ல காரணம் பாக்கியேளா?"

அவனுக்கு அந்தக் கேள்வி உறைத்தது. மறுநாள் கடையில் ஒரு கார்புரேட்டரைக் கழற்றிப் பிரித்துப் போட்டுவிட்டு, எதற்குப் பிரித்தோம் என்பதே மறந்து உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் ஜீப் வந்தது. வெள்ளறடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஜீப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வகை. உடம்பு துருப்பிடித்திருந்தாலும் எஞ்சின் கல்லுப்போல இருந்தது. நேசையன் அதை ரத்னபாயிடம் கேட்காமலே பேசி முடித்தான். மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு அதிலேயே விழுந்து கிடந்தான். துரு சுரண்டி, தரைத்தகடு மாற்றி, பச்சைப் பெயிண்ட் அடித்து, மருந்துப் பெட்டி ஆடாமல் இருக்க இரும்பில் ஒரு சட்டமும் வைத்தான். அந்த நாட்களில் மட்டும் அவனுக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

வண்டியை வீட்டு முற்றத்தில் கொண்டு நிறுத்தியபோது ரத்னபாய் ஒரு சுற்று சுற்றிவந்தாள். பெட்டிக்கான சட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாட்டு இருக்கு. ஆரு ஓட்டுதது?"

"நான்தான். நீ பக்கத்துல சும்மா இருந்தா போதும்."

"தெனமுமா? அப்பம் உங்க கட?"

"அத நான் பாத்துக்கிடுதேன்."

அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. அந்த முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நேசையன் பானட்டைத் திறந்து மறுபடி எண்ணெய் பார்த்தான்.

போலியோ சொட்டு மருந்து ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை. பூத்துக்கு வராத பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டிய நாள். ராத்திரி பூரா கொட்டித் தீர்த்த மழை விடிந்தபோது ஓய்ந்திருந்தது. நேசையன் கடையைப் பூட்டிவிட்டு ரத்னபாயை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். கால்வாய்க் கரையில் ஜீப் நன்றாகவே போனது. செம்மண் ஏற்றத்தில் நாலு சக்கரமும் சேற்றைக் கவ்விப் பிடித்து ஏறியபோது, பார்த்தாயா என்கிற மாதிரி பக்கத்தில் திரும்பினான். அவள் பெட்டியைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாறவிளைக்குத் திரும்புகிற இடத்தில் வழி அடைபட்டுக் கிடந்தது. இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மண்ணால் கையாலை எழுப்பிய ஒடுங்கிய பாதை அது. ராத்திரி மழையில் ஒரு பக்கத்து மண்சுவர் இடிந்து பாதைக்குக் குறுக்கே சரிந்திருந்தது. ஓரத்தில் ஒரு ஆள் நடக்க இடம் இருந்தது. ஜீப்புக்கு வழியே இல்லை.

நேசையன் இறங்கி மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தான். ஈரமண், கல்லும் கலந்து கிடந்தது. மண்வெட்டிக்கு யார் வீட்டுக்குப் போகலாம் என்று அங்குமிங்கும் பார்த்தான். ரத்னபாய் பெட்டியைத் திறந்து ஐஸைப் பார்த்துவிட்டு மூடினாள்.

"மண்ண வெட்டி முடிய மத்தியானம் ஆவும். மேல வீடெல்லாம் ஒண்ணுக்கொண்ணு தூரத்துலயாக்கும் கெடக்கு, நடந்தா ஐஸ் நிக்காது."

அந்த நேரத்தில் மேலேயிருந்து எம் எய்ட்டி ஒன்று படபடத்துக்கொண்டு வந்தது. செல்லையன். விடிகாலையில் மீனோடு மலையேறி, விற்றுவிட்டு இறங்குகிறவன். சரிந்த மண்ணுக்கும் கையாலைக்கும் நடுவே வண்டியை அனாயாசமாக நுழைத்து இப்புறம் வந்து நின்றான். ரத்னபாய் அவனிடம் போய் ஏதோ சொன்னாள். செல்லையன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பின்னால் கட்டியிருந்த மீன்பெட்டியை அவிழ்த்துக் கீழே வைத்தான். அந்த இடத்தில் மருந்துப் பெட்டியை வைத்து, ரப்பர் டியூபால் இழுத்துக் கட்டினான்.

"நர்ஸே, மேல திருப்பத்துல நல்ல வழுக்கல் உண்டு. ரெண்டாவது கியர்லயே பிடிச்சுக்கிட்டுப் போங்க" என்றான்.

"எலே, நீ ஆருக்கிட்ட சொல்லுத?" என்றான் நேசையன்.

அதற்குள் ரத்னபாய் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியில் ஏறியிருந்தாள். ஒரே உதையில் எஞ்சின் பிடித்தது. கைப்பிடியைத் திருகிக் கியர் போட்டது நேசையனின் காதுக்குத் தெரிந்தது. பழகின கை.

"செல்லையன் ஓட்டட்டு, நீ பின்னால இரி" என்று கத்தினான்.

"அப்பம் பெட்டிய எங்க வைக்க?" என்று கேட்டுவிட்டு அவள் கிளம்பிவிட்டாள்.

இடைவெளியில் நுழைந்து, ஏற்றம் பிடித்து, மரங்களுக்கு நடுவே வெள்ளைச் சேலை மறைந்தும் தெரிந்தும் போனது. நேசையன் மண்குவியல்மேல் ஏறி நின்று பார்த்தான். திருப்பத்தில் பின்சக்கரம் பக்கவாட்டில் நழுவியது. வண்டி சாய்ந்தது. ரத்னபாய் விழுந்தாள்.

எத்தனையோ நாளாக அவன் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது அதுதான். அவன் கால் மண்ணில் புதைந்து நின்றது. வண்டிச்சக்கரம் சும்மா சுழன்றுகொண்டிருந்தது. அவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு எழுந்தாள். பெட்டியின் கட்டை இழுத்துப் பார்த்தாள். குனிந்து, இடுப்பைக் கொடுத்து வண்டியை நிமிர்த்தினாள். கீழே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாளா என்பது அவனுக்கு நிச்சயமில்லை. மறுபடி உதைத்தாள். எஞ்சின் பிடித்தது. சத்தம் மேலே போய்க்கொண்டே இருந்தது.

"அடி ஒண்ணும் பற்றல. முன்னே இதவிட மோசமாட்டு விழுந்ததுண்டு" என்றான் செல்லையன், மீன்பெட்டிமேல் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு.

"எப்பம்?"

"கால்வாய்க் கரையில வண்டி ஓட்டப் படிக்கிறப்பம். எனக்க பெண்டாட்டிக்குப் பேறு பாத்தது நர்ஸில்லியா. வண்டி படிப்பிச்சுக் குடுன்னு கேட்டாவ, குடுத்தேன். உங்களுக்குத் தெரியும்னில்லா நான் நெனச்சேன்."

நேசையன் ஏறத் தொடங்கினான். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். முதல் வீட்டில் அவள் வந்துபோய்விட்டாள் என்றார்கள். அடுத்த வீட்டிலும் அதையே சொன்னார்கள். அதற்கும் மேலே, பாறை ஓரத்து ஓட்டுவீட்டு முற்றத்தில் எம் எய்ட்டி நின்றது. உள்ளே ஒரு பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. ரத்னபாயின் முழங்கையில் ரத்தம் மண்ணோடு சேர்ந்து ஒட்டியிருந்தது.

"வந்தாச்சா? இந்தக் கன்னத்த ஒண்ணு பிடிங்க" என்றாள்.

அவன் மண்டியிட்டுப் பிள்ளையின் கன்னத்தைப் பிடித்தான். கிரீஸ் ஊறிய விரல் அவனுக்கே பெரிதாகத் தெரிந்தது. இரண்டு சொட்டு விழுந்ததும் பிள்ளை அவனைப் பார்த்து அழுதது.

வெளியே வந்து, வண்டிப் பக்கம் நின்றார்கள்.

"எப்பம் படிச்ச?"

"நீங்க ஜீப்புக்குப் பெயிண்ட் அடிச்சப்பம்."

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா?"

"சொன்னா விட்டிருப்பேளா?"

நேசையன் அவள் முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். ஆழமில்லை. விழுந்தபோது தான் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொல்ல வாயெடுத்தான்.

"எனக்குப் பயமாக்கும், ரத்னம்" என்று மட்டும் சொன்னான்.

"எனக்கும் உண்டு" என்றாள் அவள். "அதுக்காட்டு வீட்டுல இருந்தா பிள்ளைகளுக்கு மருந்து குடுக்கதாரு? இன்னும் மேல ரெண்டு வீடு கெடக்கு. வாறேளா?"

அவள் முன்னால் போனாள். அவன் பின்னால் நடந்தான்.

அடுத்த மாதம் நெய்யாற்றின்கரையிலிருந்து அவளுக்கென்று ஒரு எம் எய்ட்டி வந்தது. நேசையன் அதைத் திருகாணி பாக்கியில்லாமல் கழற்றி மாட்டினான். பின்சக்கரத்துக்குப் பல் ஆழமான டயர் போட்டான். சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கத் தகடு அடித்தான். முதல் நாள் அவள் கிளம்பியபோது ஜீப்பை எடுத்துக்கொண்டு கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனான். கால்வாய்ப் பாலத்தில் அவள் வண்டியை நிறுத்திவிட்டு அவன் வரும்வரை காத்திருந்தாள்.

"நீங்க பின்னால வந்தா எனக்கு முன்னால பாக்க முடியல்ல. போயி கடையத் தொறங்க."

அவன் ஜீப்பைத் திருப்பினான். கொஞ்ச நாளில் அதைக் குன்னத்துகாலில் ஒரு வாழை வியாபாரி கேட்டுவந்தபோது கொடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவனுக்கு நிம்மதி வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த ரோட்டில் மீன்காரர்கள் ஏராளம். எம் எய்ட்டி சத்தம் கேட்கும்போதெல்லாம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பான். வேறு யாராவது போய்க்கொண்டிருப்பார்கள். மறுபடி குனிந்து வேலையைத் தொடர்வான்.