வண்டி நிறுத்துமிடத்தில் நல்ல நிழல்

1

இந்தக் கதை ஒரு பத்திரிகை ஆசிரியரின் தொலைபேசி அழைப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுலாச் சிறப்பிதழாம். ஒரு குடும்பம் காலையில் கிளம்பி, வழியில் நன்றாகச் சாப்பிட்டு, நாலு இடம் பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும். படிக்கிறவருக்கு உற்சாகம் பொங்க வேண்டும். எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. உற்சாகத்துக்கு நான் எங்கே போவேன்? ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டேன். (தொலைபேசியில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள். வாயாலும் சொன்னேன்.)

2

முதல் தொடக்கம்: ‘கிழக்கு வெளுத்தபோது குழந்தைகளின் சிரிப்பொலி—’

அடித்துவிட்டேன். குழந்தைகளை ஏற்றினால் அவர்களுடைய வாந்திக்கும் சண்டைக்கும் நானல்லவா பொறுப்பு.

இரண்டாவது: ‘அவன் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன்.’ இது நிற்கிறது. ஊரார் பார்க்கப் போகும் இடங்களுக்கு அவர்களைக் கொண்டுபோய் இறக்குவதும் திரும்ப ஏற்றி வருவதும் அவன் பிழைப்பு. அவன் மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் போர்வைகளுக்கு இஸ்திரி போடுகிறாள். நாள் முழுக்க நின்றபடி வேலை. கல்யாணமான நாளாய் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒரு நாள் அவனோடு ஊர் சுற்ற வேண்டும். முதலாளி இப்போதுதான் மனமிரங்கி விடுப்போடு வேனையும் கொடுத்திருக்கிறார்.

3

முந்தின நாள் மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். காலைச் சாப்பாட்டுக்குக் கோட்டை வாசலில் ஒரு கடை என்றான் அவன். அங்கே என்ன நன்றாயிருக்கும் என்று கேட்டாள். ஓட்டுநர்களுக்குப் பின்பக்கம் தனி மேசை, காத்திருக்க வேண்டாம் என்றான். கோட்டையில் தரை சரிவு, கைப்பிரேக்கை இழுத்துப் போட வேண்டும். ஏரிக்கரையில் கழிப்பறை சுத்தம். அருவி* என்றதும் அவன் முகமே மலர்ந்துவிட்டது. நல்ல நிழல், குழாய் பக்கத்திலேயே, காற்று பிய்த்துக்கொண்டு போகும்.

(*ஆசிரியர் அருவி கட்டாயம் வேண்டும் என்றார். வைத்துவிட்டேன்.)

அவள் முதலில் சிரித்தாள். பிறகு, அருவி எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்று கேட்டாள். அவன் மேசையைத் துடைத்தான்.

“நீங்க மேல போய்ப் பார்த்ததே இல்லையா?”

“சவாரி இறங்குனதும் சீட்டச் சாய்ச்சுத் தூங்கிருவேன். அப்பதான திரும்பி ஓட்ட முடியும்.”

“அப்ப நாளைக்கு?”

“நாளைக்கு உன்கூட மேல வரேன். தூங்க மாட்டேன்.”

அவள் நம்பினாள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

4

அவளைக் கொஞ்சம் சண்டைக்காரியாக்கிப் பார்த்தேன். ‘இத்தனை வருஷமா என்னத்தக் கிழிச்சீங்க’ என்று அவள்—

இல்லை. அவளுக்குச் சண்டை போடவும் தெம்பில்லை.

மறுநாள் காலை போனபோது கோட்டை பழுது பார்ப்பதற்காக மூடிக்கிடந்தது. கடையில் முன்பக்க மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சவாரிக்காரர்களின் இடத்தில் உட்கார்ந்த கூச்சத்தில், பரிமாறுகிறவர் வரும்போதெல்லாம் அவன் எழுந்திருக்கப் பார்த்தான். ஏரிக்கரையில் நடந்தபோது யாராவது வேனை இடித்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

5

அருவி அடிவாரத்துக்கு வந்தபோது பிற்பகலாகிவிட்டது. அங்கிருந்து அருவி தெரியவில்லை, இரைச்சல்தான் கேட்டது. அவள் இறங்கிக் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தாள். அதற்குள் சீட்டு சாய்ந்திருந்தது, அவன் தூங்கிவிட்டிருந்தான். ஏமாற்றவெல்லாம் இல்லை. இன்ஜினை அணைத்த கை, பழக்கத்தில் அடுத்த வேலையையும் பார்த்துவிட்டது.

ஆசிரியருக்குப் பிடித்த முடிவு: அவள் எழுப்புகிறாள், இருவரும் கைகோத்து ஏறுகிறார்கள், முகத்தில் சாரல் படுகிறது, அவன் கண்கலங்கி—

இந்த இடத்தில் எனக்கே வெட்கமாகிவிட்டது.

இன்னொரு முடிவு: அவள் தனியாக ஏறிப் பார்த்துவிட்டு, அவன் விழிப்பதற்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். இதை முழுக்க எழுதினேன். எழுதிவிட்டு என்மேலேயே கோபம் வந்து கிழித்துப் போட்டேன்.

6

இப்போதைக்கு எழுதி நிற்பது இவ்வளவுதான். மறுபக்கக் கதவைத் திறந்து அவள் அவனருகில் உட்கார்ந்தாள். பகல் வெளிச்சத்தில் அவன் தூங்கி அவள் பார்த்ததில்லை. புருவம்கூட நரைத்திருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. பாவம் என்றா, தனக்குக் கொடுத்த ஒரு நாளும் இப்படிப் போகிறதே என்றா, அவளுக்கே தெரியவில்லை. அவன் தோளில் கை வைத்தாள்.

உலுக்கினால் எழுந்துவிடுவான். முனகாமல் கூடவே ஏறுவான். பிறகு எரிகிற கண்ணோடு வீடுவரை ஓட்டுவான். உலுக்காவிட்டால், இப்படி ஒரு நாள் இனி வாய்க்காது. நாளைக்கு வேன் சவாரிக்குப் போய்விடும்.

முடிவு எங்கே என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டேயிருக்கிறார். என்னால் ஆகவில்லை. எனக்கு அவளையும் பிடித்திருக்கிறது, அவனையும் பிடித்திருக்கிறது. மேலே போகும் பாதையை மாலையில் அடைத்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் நேரமிருக்கிறது. நீங்கள் பின்சீட்டில் ஏறி உட்காருங்கள். எழுப்பு என்றாலும் சரி, விட்டுவிடு என்றாலும் சரி, அவளிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.