கூப்பிட்ட குரலுக்கு

...வரும், வராமல் எங்கே போய்விடும், காலையில் ஈரல் வேகவைத்துப் போட்ட கை எது, காதுமடலை விரித்து உண்ணி பொறுக்கிய கை எது, எல்லாம் இந்தக் கைதானே, நன்றி என்று ஒன்று இருந்தால் வரும், நன்றிக்கே பேர்போன ஜாதியல்லவா... என்று தன்னையே தேற்றிக்கொண்டு அவள் மைதானத்து ஓரத்துச் சிமெண்டு பெஞ்சில், சங்கிலியை மணிக்கட்டில் சுற்றிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், நாயோ அவள் பக்கம் திரும்பவே இல்லை, கம்பிக் கதவுக்கு வெளியே நிற்கும் அவள் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தது, ஏதோ பல வருஷம் கடல் கடந்து போய் இப்போதுதான் கரையிறங்கியவரைப் பார்ப்பதுபோல, அட, வீட்டிலிருந்து மூவரும் ஒன்றாகத்தானே நடந்து வந்தோம். நகரசபை புதிதாகப் போட்ட விதியால் வந்த வினை இது. உரிமம் எடுக்க வேண்டும், கழுத்துப் பட்டையில் எண் பொறித்த வில்லை தொங்க வேண்டும், நாய் தெருவில் போட்டதை வளர்ப்பவரே பையில் அள்ள வேண்டும், இதெல்லாம் பழசு, இதில் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. புதுசு என்னவென்றால், உரிமத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் இந்தக் கோடியில் நின்று கூப்பிட வேண்டும், அந்தக் கோடியில் அவிழ்த்துவிட்ட நாய் மூன்றாவது கூப்பாட்டுக்குள் வந்து சேர வேண்டும், வந்தால் பூங்காவில் சங்கிலி இல்லாமல் ஓடலாம், வராவிட்டால் ஆயுசுக்கும் வாசலைத் தாண்டினால் சங்கிலி, அதோடு வாய்ப்பூட்டு. வீட்டு ஆட்கள் வேறு யாரும் உள்ளே நிற்கக் கூடாது. அந்தக் கடைசி வரியைப் படித்தபோது அவளுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, நகரசபைக்கே ஒரு சிலை வைக்கலாமா என்று தோன்றியது.

குரலைப் பற்றியா கவலை, அவள் குரலைப் பற்றியா? ரயில் நிலையத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒலிபெருக்கியில் அறிவித்த குரல், ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவளை ‘அறிவிப்பு அம்மா’ என்றுதான் சொல்கிறது, அந்தக் குரல் ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’ என்றால் கடைசி நடைமேடையில் குறட்டை விட்டவன் முதல் நடைமேடையில் பெட்டியோடு நிற்பான், கூரையில் புறா முட்டையிடுவதை நிறுத்திக் கேட்கும், ஒருதரம் மைக்கை மூட மறந்து தும்மிவிட்டாள், இரண்டு வண்டிகள் புறப்பட்டே போய்விட்டன, அதில் ஒன்று சரக்கு வண்டி, ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்பேர்ப்பட்ட குரல் சமையலறையிலிருந்து ‘சக்கரவர்த்தி’ என்று கூப்பிட்டால் பக்கத்துத் தெருவில் மூன்று பேர் ‘என்னம்மா’ என்பார்கள், சக்கரவர்த்தி மட்டும் ஒரு காதைத் தூக்கும், மறுபடி மடக்கும். அந்தப் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து உரிமத்தில் எழுதிக் கொடுத்தவள் அவள், கன்றுக்குட்டி மாதிரி தவிட்டு நிறத்தில் வந்து நின்றதே என்று ஆசை ஆசையாக வைத்த பெயர். பெயர் என்னவோ ராஜ்யம் ஆளுகிற பெயர்தான், ஆளுவது அவருடைய செருப்பை. செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்தால் தீர்ந்தது. அவர் என்ன செய்தார் இதற்கு? ஒரு நாள் பையில் அள்ளியிருப்பாரா, அள்ளச் சொன்னால் ‘எனக்கு முட்டி வலி’, குளிப்பாட்டச் சொன்னால் ‘எனக்குச் சளி’, அவருக்கு நோய் வருவதெல்லாம் நாய்க்கு வேலை வரும்போதுதான். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது போகிற இடத்துக்குத்தான் போகும் என்பார்கள், பழமொழி சொன்ன இடத்துக்குப் போயிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், இது ஈரத்தோடு அவர் மடியில் அல்லவா போய் ஏறியது.

அவர் மருந்துக்கடைக்காரர். கடையை இப்போது வேறு ஆள் பார்க்கிறார், குரல் மட்டும் இன்னும் கடையிலேயே இருக்கிறது, ரகசியமாகவே பேசுவார், பாதிப் பேர் வந்து காதோடு காதாக ‘எனக்கு அந்த இடத்துல அரிக்குது’ என்று சொல்லுகிற தொழில், அவரும் குனிந்து, காதோடு காதாக, ‘காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு’ என்று சொல்லிச் சொல்லி, தொண்டையில் சத்தம் என்பதே வற்றிப்போய், கல்யாணமான புதிதில் அவர் பேசுவது கேட்காமல் அவள் பக்கத்தில் போய்ப் போய் உட்காருவாள்... ஐயோ, அதையா இப்போது நினைக்க வேண்டும். கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் எழுந்து அவளைக் காப்பாற்றியது. பல் டாக்டரின் மனைவியுடைய குட்டை நாய், வெள்ளைப் பஞ்சு உருண்டை, கூப்பிடுவதற்கு முன்பே ஓடி வந்துவிட்டது, பந்தி போடுவதற்கு முன்பே கை கழுவிக்கொண்டு நிற்கும் சொந்தக்காரனைப்போல. கூப்பிடாமல் வந்தால் கணக்கில் வருமா என்று நகரசபை ஆய்வாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார், ஊரில் அவருக்கு ‘நாய் நீதிபதி’ என்று பெயர், தொப்பி வேறு. அடுத்துக் கசாப்புக்கடைக்காரர் கூப்பிட்டார், அவ்வளவுதான், மைதானத்தில் இருந்த அத்தனை நாயும் சங்கிலியை அறுத்துக்கொண்டு அவரிடம் போனது, ஒரு பூனையும் போனதாகச் சொன்னார்கள், ‘இதுல உங்க நாய் எதுங்க?’ என்று நாய் நீதிபதி கேட்க, அவர் வெட்கப்பட்டு, ‘எல்லாம் நம்ம கஸ்டமர்தான் சார்’ என்றார். சக்கரவர்த்தி மட்டும் அவள் காலடியில் அசையாமல் நின்றது. ஈரல் வாசம் வீசும் மனிதரிடம்கூடப் போகாத நாய். அவளுக்கு ஒரு கணம் பெருமை பொங்கியது, பார், என்னை விட்டுப் போகவில்லை பார்... அப்புறம்தான் அதன் பார்வை போன திசையைக் கவனித்தாள். கம்பிக் கதவு. கதவுக்கு அப்பால் அவர், கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதட்டை லேசாக அசைத்துக்கொண்டு. என்ன சொல்கிறார், இங்கே கேட்காது, ஆனால் அவளுக்குத் தெரியும். கழுத. அதைத்தான் சொல்லியிருப்பார். அவர் அதைச் சக்கரவர்த்தி என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை, ‘கழுத, சாப்பிட்டியா’, ‘கழுத, தள்ளிப் படு’, அதுவும் எப்படி, அந்தக் ‘க’வை மெத்தை மேல் வைப்பதுபோல மெதுவாக வைத்து, ‘ழு’வைச் சுழற்றி, ‘த’வை விட்டும் விடாமல்... நாய் அப்படியே உருகி வழியும், எலும்பே இல்லாத பிராணி மாதிரி.

நாய்க்குக் கழுதை என்று பேர் வைப்பவரை எந்த ஊரிலாவது கண்டதுண்டா என்று அவள் தோழிகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள், தோழிகளும் சிரித்தார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? அது அவளுடைய பேர். அவளுக்கு முதலில் வந்த பேர். கல்யாணமான புதிதில், விடிகாலைப் பணி முடிந்து அவள் வந்து விழுந்து கிடப்பாள், அவர் கடைக்குப் புறப்படும்போது குனிந்து, காதோடு காதாக, ‘கழுத, தூங்கிட்டியா’ என்பார், ‘நீங்கதான் கழுத’ என்பாள் இவள், கண்ணைத் திறக்காமலே, அது ஒரு பேச்சா, அதற்கு ஒரு அர்த்தமா, ஆனால் அடுத்த பணி முழுக்க ஒலிபெருக்கியில் தாமதமான வண்டியைக்கூட அவள் சிரித்த குரலில் அறிவிப்பாள். எப்போது நின்றது? நின்ற நாள் என்று ஒன்று இல்லை, குழாயில் தண்ணீர் மெல்லிசாகி மெல்லிசாகி, ஒரு நாள் திறந்தால் காற்று மட்டும் வருமே, அப்படி. அதற்குப் பிறகு அவள் ‘இந்தா’ ஆனாள், ‘இங்க பாரு’ ஆனாள், ‘அந்தச் சாவி எங்க’ ஆனாள். சரி, எல்லார் வீட்டிலும் நடப்பதுதான் என்று அவளும் ஆறிப்போயிருந்தாள். நாய் வந்த சில வாரத்தில் ஒரு மத்தியானம், துணி துவைத்துக்கொண்டிருக்கிறாள், கூடத்திலிருந்து கேட்கிறது, அதே குரல், அதே மெத்தை, ‘கழுத, எங்க போன, வா’. நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது, இந்த வயசில் துள்ளுமா, துள்ளியது, ‘இதோ வரேன்’ என்று சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்து கூடத்து வாசலில் நின்றால், அவர் தரையில் குனிந்து அதன் தாடையைச் சொறிந்துகொண்டிருக்கிறார். நிமிர்ந்து, ‘என்ன வேணும்?’ என்றார். துண்டு எடுக்க வந்தேன் என்றாள் அவள். துண்டு அவள் தோளிலேயே இருந்தது. நாய் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சக்களத்திகூட அப்படிப் பார்க்க மாட்டாள்... சீ, வாயில்லா ஜீவனைப் போய், ஆனால் பார்த்தது, பார்க்கத்தான் செய்தது. அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது அதன் தட்டை இரண்டு அங்குலம் தள்ளி வைத்தாள். வேறு என்ன செய்ய முடியும் ஒரு பெண்ணால்? இப்போது வந்திருக்கிறது காலம், விதி எழுதியே சொல்கிறது, உரிமையாளர் கூப்பிட வேண்டும், நாய் வர வேண்டும், ஊர் பார்க்க, நாய் நீதிபதி பார்க்க, முக்கியமாக அவர் பார்க்க, அவரை விட்டு இவளிடம் ஓடி வர வேண்டும், வரட்டும், வந்ததும் அவர் பக்கம் திரும்பாமல் நடந்து போய்விடுவாள்.

அவள் முறை வந்தது. கையுறை போட்ட ஊழியர் சக்கரவர்த்தியை அந்தக் கோடிக்கு நடத்திக்கொண்டு போய் அவிழ்த்துவிட்டார். அவள் தொண்டையைச் செருமினாள், சுற்றி இருந்தவர்கள் தங்களை அறியாமல் பையைத் தூக்கிக்கொண்டார்கள், ‘சக்கரவர்த்தி’ என்றாள், மரத்தில் இருந்த காக்கையெல்லாம் புறப்பட்டன, நாய் ஒரு காதைத் தூக்கிக் கதவைப் பார்த்தது. ஒன்று. ‘சக்கரவர்த்தி, இங்கே வா’, பெயரை இழுத்து, தேனைத் தடவி, பல் டாக்டரின் பஞ்சு உருண்டை மறுபடியும் ஓடி வந்தது, சக்கரவர்த்தி உட்கார்ந்துவிட்டது. இரண்டு. போச்சு. ஊழியர் கையில் வாய்ப்பூட்டு, கம்பி வலை, புதுசு, பளபளப்பு. அதை மாட்டினால் புல்லை எப்படி மோப்பம் பிடிக்கும், குட்டையில் எப்படி வாய் வைக்கும், பந்தை எப்படிக் கவ்வும், தோட்டத்தில் காதெல்லாம் பின்னால் பறக்க ஓடுமே, அந்த ஓட்டம்... ஒரு சொல் சொன்னால் வரும். எந்தச் சொல் என்று தெரியும். சொல்வதா, என் வாயாலேயேவா, பறிபோனதை நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதா, மாட்டேன், வாய்ப்பூட்டு மாட்டிக்கொண்டு கிடக்கட்டும், என்னைப் பார்த்தாயே ஒரு பார்வை, அதற்கு இது வேண்டும்... நாய் அங்கே தனியாக உட்கார்ந்து, யாரும் எதுவும் சொல்லாமலே, வாலால் மண்ணை ஒரு தட்டுத் தட்டியது. அவள் வாய் திறந்தது, குரல் ஒலிபெருக்கிக் குரலாக வரவில்லை, எங்கேயோ அடியிலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு பேசுகிற குரலாக வந்தது, ‘கழுத, வா’.

நாய் வந்த வேகத்தில் நாய் நீதிபதியின் தொப்பி பறந்தது, கசாப்புக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், வந்து அவள் கணுக்காலில் மொத்தப் பாரத்தையும் சாய்த்துக்கொண்டு நின்றது, சூடாக, இரைத்துக்கொண்டு, அவள் கை தானாக அதன் தலைக்குப் போனது, ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்தாள்... எதிரே அவர் நின்றார். கம்பிக் கதவு அவர் பின்னால் திறந்து ஆடிக்கொண்டிருந்தது, முட்டி வலிக்காரர், ஒரு காலில் செருப்பு இல்லை, எப்படி வந்தார், எப்போது ஓடினார்? ஆய்வாளர் அவரைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், வீட்டு ஆட்கள் உள்ளே வரக் கூடாது என்று தெரியுமா என்று கேட்டார். ‘கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு’ என்றார் அவர், காதோடு காதாக, தரையைப் பார்த்துக்கொண்டு. ஆய்வாளர் பேனாவை மூடித் திறந்தார்.

‘இங்க பாருங்கம்மா, உரிமத்துல சக்கரவர்த்தினு இருக்கு. செல்லப் பேர் வேற இருந்தா நான் சேத்து எழுதிக்கிறேன், அதுக்கு இடமிருக்கு. ஆனா ஒரு கூப்பாட்டுக்கு ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க. நீங்களே சொல்லுங்க, கூப்பிட்டது யார?’

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாயைத்தான் என்று சொன்னால் முடிந்தது, வாய்ப்பூட்டு இல்லை, ஓடலாம், குதிக்கலாம், அப்புறம் அந்தப் பேர் முத்திரையோடு நகரசபையில் நாயுடையதாகிவிடும். இவரைத்தான் என்று சொன்னால்... கணுக்காலில் அது சாய்ந்தபடியே ஒரு பெருமூச்சு விட்டது, விலா எலும்பு ஏறி இறங்கியது. நாயை என்று சொல்ல நாக்கு எழுந்துவிட்டது, அதற்குள் அவர் முகம் கண்ணில் பட்டது, எழுந்த நாக்கு அப்படியே நின்றது. கேள்வி கேட்டது ஆய்வாளர், பதிலுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது இவரல்லவா, அதுவும் அவள் காலில் சாய்ந்து கிடக்கும் நாயைப் பார்க்கிற பார்வை, இது என்ன பார்வை, எங்கேயோ பார்த்த பார்வை, அன்றைக்குச் சோறு போடும்போது அவள் நாயின் தட்டைத் தள்ளி வைத்தாளே, அப்போது அவள் முகத்தில் இருந்திருக்கக்கூடிய... இவருக்குமா?