பொன்னையாவின் பெயர் தெரியாத பவளம்

“நான் தொண்டையைச் செருமினாப் போதும், தொட்டியில இருக்கிற பவளம் எழும்பி நின்னு கைதட்டும். போன வாரம் தட்டின தட்டுல எனக்குக் காதே அடைச்சுப் போச்சு!”

பொன்னையாவிடம் இதைக் கேட்காத காது பதுளையில் இல்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்றவர், கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் மலையைக் காட்டுகிற ஊரில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்தார். இப்போது அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே பெட்டிக்குள் படுத்திருந்தார். வெளியே கூடாரத்தில் அவருடைய தம்பி சிவராசா அண்ணனைப் போலவே கையை ஆட்டி, காதைப் பொத்திக் காட்டிக்கொண்டிருந்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

உள்ளே நல்லம்மாவுக்கு எல்லாம் கேட்டது. அவள் கோபப்படவில்லை. புருஷனைப் புளுகன் என்று முதலில் சொன்னவளே அவள்தான். ஆனாலும், புளுகனாகவே தூக்கிக்கொண்டு போகப்போகிறார்களே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பவளத்தை யாரும் வைக்கவில்லை. மபாஸின் வளர்ப்பு மீன்கடையில் வாங்கிய கல்லில் தானாக முளைத்தது. குட்டையான தண்டு, நுனியில் இறகு போலச் சின்னச் சின்னக் கைகள். “காளான்” என்றாள் நல்லம்மா. மபாஸ் வந்து கண்ணாடியில் மூக்கு முட்டப் பார்த்துவிட்டுப் பொன்னையாவிடம் சொன்னான்.

“இதுல ரெண்டு சாதி ஈக்கி நானா. கையை விரிச்சு விரிச்சு மூடினா ஸீனியாண்டு ஒரு பவளம். சும்மா நிண்டா வேற என்னமோ. யாராச்சும் ரெண்டு பேர் கண்டாத்தான் பேர் செல்லலாம்.”

பொன்னையா தினமும் காலையில் தீனி போட, தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரை நிறுத்துவார். சற்று நேரத்தில், “நல்லம்மா! தட்டுது! ஓடியா!” என்று வீடு இடியக் கத்துவார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள், தண்ணீர் ஆடினால்தான் அழகு என்று மோட்டாரைப் போட்டுவிடுவார். அது மரக்கட்டையாய் நிற்கும். நேற்றும் கத்தினார். ரொட்டி கல்லில் கிடந்ததால் அவள் போகவில்லை. ரொட்டியோடு வந்தபோது அவர் கதிரையில் சாய்ந்திருந்தார்.

சவப்பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர்கள் தலைமாட்டு விளக்குக்குப் பிளக் தேடி மோட்டார் வயரைக் கழற்றியிருந்தார்கள். “சாவு வீட்ல நீல லைட்டு என்னத்துக்கு, கல்யாண மண்டபமா இது?” என்று நாத்தனார் லெட்சுமி தொட்டியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தாள்.

தப்பு அடிப்பது நின்ற இடைவெளியில், இரவும் பகலும் கேட்ட மோட்டார் சத்தம் இல்லாதது நல்லம்மாவுக்குத் தட்டுப்பட்டது. மீன்கள் செத்திருக்குமோ என்று துணியைத் தூக்கினாள்.

பவளத்தின் கைகள் விரிந்தன. மூடின. ஒன்றுக்கொன்று காத்திராமல், அவசரமில்லாமல், எல்லாமே.

“அம்மா, வாய்க்கரிசி போட வாங்க” என்று மகன் கஜேந்திரன் வந்தான். கழன்று கிடந்த வயரைப் பார்த்ததும் பதறி வேறு பிளக்கில் மாட்டினான். தண்ணீர் சுழன்றது. கைகள் நின்றுவிட்டன.

“போடாதடா…” என்றவள் பாதியில் நிறுத்தினாள். அவரும் தினமும் இதைத்தானே செய்தார்!

அவள் அரிசியை அள்ளினாள். பெட்டியைச் சுற்றிக் கூட்டம் நெருங்கியது. கடையை அடைத்துவிட்டு வந்திருந்த மபாஸ் வாசலோரம் நின்றான்.

“மபாஸ் தம்பி, அதுக்குப் பேரை வச்சிருங்க. கையை விரிச்சு விரிச்சு மூடுது.”

கூட்டம் தொட்டியைத் திரும்பிப் பார்த்தது. அது அசையாமல் நின்றது.

சிவராசா மெதுவாக, “என்ன மதினி, அண்ணன் விட்டதை நீங்க தொடங்கிட்டீங்களா?” என்றான். யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

மபாஸ் சிரிக்கவில்லை. “நீங்க கண்டீங்களா அக்கா?”

நல்லம்மா குனிந்து பொன்னையாவின் வாயில் அரிசியைப் போட்டாள். உதட்டோரம் ஒட்டியதை விரலால் துடைத்தாள்.

“பார்த்தேன் தம்பி” என்றாள், கூடாரம் வரைக்கும் கேட்கும்படி. “ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்.”